இறங்கும் எறும்பைப் பாருங்கள்: பழத்தோப்பில் எறும்பு செய்யும் வேலை

தை பிறந்து மாமரம் பூத்துவிட்டால் சென்னையின் மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழுக்களில் வருடா வருடம் ஒரே கேள்வி வரும்: மரத்தில் எறும்பு சாரை சாரையாக ஏறுகிறது, என்ன மருந்து அடிக்கலாம்? உடனே ஒருவர் எறும்புப் பொடியை அடிமரத்தைச் சுற்றித் தூவச் சொல்வார். இன்னொருவர், எறும்பு நல்லது, பூச்சியைத் தின்னும், தொடாதீர்கள் என்பார். கேட்டவர் முன்பைவிட அதிகமாகக் குழம்பிப்போவார்.

செய்திகளும் இப்படித்தான் இரண்டு பக்கம் இழுக்கின்றன. 2022 ஆகஸ்டில், திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கத்துக் கரந்தமலை அடிவாரக் கிராமங்களில் மஞ்சள் நிற எறும்பு ஒன்று எக்கச்சக்கமாகப் பெருகி ஆடு மாடுகளின் கண்களைத் தாக்குகிறது என்று படித்தோம். 2024 ஜனவரியில் ஒடிசா மாநிலம் மயூர்பஞ்ச் மாவட்டத்தின் செவ்வெறும்புச் சட்னிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைப் படித்தோம். அந்தச் செவ்வெறும்பு வேறெதுவும் இல்லை, நம் மாமரங்களில் இலையைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் முசுறுதான்.

வாட்ஸ்அப்பில் வந்த இரண்டு பதிலும் பாதி சரி. எந்த எறும்பு, மரத்தில் அது எதைத் தேடிப் போகிறது என்ற இரண்டையும் பார்க்காமல் சொன்னால் எந்தப் பதிலும் பாதிதான் சரியாக இருக்கும். மேலே ஏறும் எறும்பை மட்டும் பார்த்து நாம் முடிவெடுக்கிறோம். இறங்கி வரும் எறும்புதான் விஷயத்தைச் சொல்லும். ஏன் என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

எறும்புக்கு மரத்தில் என்ன வேலை?

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடலாம். நம் ஊர் எறும்புகள் மாமரத்தின் இலையையோ கொய்யாவின் இலையையோ தின்பதில்லை. இலையை வெட்டிச் சுமந்துபோய், அதன்மேல் பூஞ்சை வளர்த்துச் சாப்பிடும் எறும்புகள் உண்டு, ஆனால் அவை அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்பவை. இங்கே இலை சுருண்டிருந்தாலோ துளிர் கருகியிருந்தாலோ எறும்பு அதற்கு நேரடிக் காரணம் இல்லை.

அப்படியானால் எதற்கு ஏறுகிறது? ஒரு எறும்புக் கூட்டத்துக்கு இரண்டு வகைச் சாப்பாடு வேண்டும். ஓடியாடி வேலை செய்யும் எறும்புக்குச் சர்க்கரை வேண்டும், அதுதான் அதற்கு எரிபொருள். கூட்டுக்குள் வளரும் எறும்புக் குஞ்சுகளான புழுக்களுக்குப் புரதம் வேண்டும், அது இல்லாமல் அவை வளராது. மரத்தின்மேல் இந்த இரண்டுமே கிடைக்கிறது. புரதம் தேடும் எறும்பு புழு பூச்சிகளைப் பிடிக்கும், அது தோப்புக்கு லாபம். சர்க்கரை தேடும் எறும்பு சாறு உறிஞ்சும் பூச்சிகளிடம் போகும், அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஒரே கூட்டமே காலையில் ஒன்றையும் மாலையில் இன்னொன்றையும் செய்யலாம் என்பதால்தான் எறும்பு நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் சொல்ல முடிவதில்லை.

வண்டி சீட்டில் ஒட்டும் பிசுபிசுப்பு

குரோம்பேட்டை, மடிப்பாக்கம், அம்பத்தூர் மாதிரிப் பகுதிகளில் பழைய தனி வீடுகளில் இன்னும் மாமரம் இருக்கிறது. ஜனவரி, பிப்ரவரியில் அந்த மரத்தடியில் இரவு வண்டியை நிறுத்தினால் காலையில் சீட்டெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டும். மரம் பால் வடிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது மரத்தின் பால் இல்லை, பூங்கொத்தில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சிகளின் கழிவு. இதைத் தேன்கழிவு என்று சொல்வோம்.

பூச்சியின் கழிவு ஏன் இனிக்கிறது? மரத்தின் சாற்றில் சர்க்கரை நிறைய இருக்கும், புரதம் உருவாகத் தேவையான சத்து கொஞ்சம்தான் இருக்கும். அந்தக் கொஞ்சத்தைச் சேர்த்துக்கொள்ளப் பூச்சி அளவுக்கு மீறிச் சாறு குடித்தாக வேண்டும். மிஞ்சும் சர்க்கரைத் தண்ணீரை உடம்பில் வைத்துக்கொள்ள வழியில்லாமல் பின்பக்கமாக வெளியேற்றிவிடுகிறது. தத்துப்பூச்சி, அசுவினி, மாவுப்பூச்சி, செதில்பூச்சி எல்லாம் இந்த வகைதான். தத்துப்பூச்சி துள்ளி ஓடிவிடும். மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு கிடப்பவை, அதனால் எறும்போடு நெருங்கிய உறவு இவற்றுக்குத்தான்.

அந்த உறவைக் கண்ணால் பார்க்கலாம். எறும்பு ஏறும் ஒரு கொய்யாக் கிளையைப் பிடித்து நுனி இலைகளைத் திருப்புங்கள். நடு நரம்பை ஒட்டி மைதா சிந்தினாற்போல வெள்ளையாகக் கிடப்பது மாவுப்பூச்சி. அதன் பக்கத்தில் ஒரு எறும்பு நின்று இரண்டு உணர்கொம்பாலும் மாற்றி மாற்றி அதன் முதுகைத் தட்டிக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் பூச்சியின் பின்னால் தெளிந்த துளி ஒன்று திரளும், கடுகில் பாதிகூட இருக்காது. எறும்பு வாயை வைத்து உறிஞ்சிவிட்டு அடுத்த பூச்சிக்கு நகரும். இப்போது அடிமரத்துக்கு வந்து வரிசையைக் கவனியுங்கள். ஏறும் எறும்பின் வயிறு ஒட்டிக் கறுப்பாக இருக்கும். இறங்கும் எறும்பின் வயிறு உப்பி, வெயில் பட்டால் உள்ளே வெளிச்சம் தெரிகிற மாதிரி பளபளக்கும்.

இறங்கும் எறும்புகள் இப்படி வயிறு உப்பி வந்தால் மேலே சாறு உறிஞ்சும் பூச்சி இருக்கிறது. வாயில் புழுவின் துண்டோ பூச்சியின் இறக்கையோ கவ்வி வந்தால் அவை வேட்டைக்குப் போய்த் திரும்புகின்றன. ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் போதும், எந்தக் கருவியும் தேவையில்லை.

காவலுக்குக் கூலி இனிப்பு

இனிப்பு தரும் பூச்சியை எறும்பு சும்மா விட்டுவிடுவதில்லை. ஆட்டு மந்தைக்குக் காவல் இருப்பதுபோல இருந்து பார்த்துக்கொள்கிறது. இதனால் மரத்துக்கு வரும் பாதிப்பு படிப்படியாக இப்படிப் போகிறது:

1. மாவுப்பூச்சிக்கு இயற்கையிலேயே எதிரிகள் உண்டு. பொறிவண்டு அதைத் தின்னும். கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழு அதைக் குத்திச் சாற்றை உறிஞ்சும். கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒட்டுண்ணிக் குளவி அதன் உடம்புக்குள் முட்டை வைக்கும், குஞ்சு உள்ளேயே வளர்ந்து பூச்சியைக் கொன்று வெளியே வரும்.

2. குளவி முட்டை வைக்க வேண்டுமானால் பூச்சியின்மேல் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். எறும்பு காவல் இருக்கும் இடத்தில் அந்த நேரம் அதற்குக் கிடைக்காது. பொறிவண்டையும் எறும்பு விரட்டும், அதன் முட்டையைத் தூக்கிக்கொண்டும் போகும்.

3. எதிரி இல்லாத மாவுப்பூச்சி பெருகும். சில வகை எறும்புகள் அதன் குஞ்சுகளைத் தூக்கிப்போய்ப் புதுத் துளிரில் விடுகின்றன, சில வகைகள் மண்ணைக் குழைத்து அதன்மேல் கூரைகூட கட்டுகின்றன.

4. எறும்பு உறிஞ்சியது போக மிஞ்சும் தேன்கழிவு கீழ் இலைகளில் சொட்டும். அதில் கரும்பூசணம் படரும். இலை அடுப்புக்கரி பூசினாற்போல ஆகிவிடும். இந்தப் பூஞ்சை இலைக்குள் நுழைவதில்லை, வெயிலைத்தான் மறைக்கிறது. அதனால் மரம் உணவு தயாரிப்பது குறையும், காயின் தோலிலும் கறுப்பு ஏறினால் கோயம்பேட்டில் அதற்கு விலை கிடைக்காது.

எறும்பு இருந்தாலே இயற்கை எதிரி தோற்றுவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை. பப்பாளி மாவுப்பூச்சியின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மெக்சிகோ பகுதியைச் சேர்ந்த அந்தப் பூச்சி இந்தியாவில் முதன்முதலாக 2008-ல் கோயம்புத்தூரில் கண்டுபிடிக்கப்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பரவித் தமிழ்நாட்டையே ஆட்டிவைத்தது. மருந்து அடித்து அடித்து எல்லாரும் ஓய்ந்துபோன பிறகு, 2010-ல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபாகஸ் பப்பாயே என்ற குளவி வரவழைக்கப்பட்டு, வேளாண் பல்கலைக்கழகம் வழியாகத் தோட்டங்களில் விடப்பட்டது. சில மாதங்களில் பூச்சி அடங்கியது. அந்தக் குளவியின் நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. சரியான எதிரி போதுமான எண்ணிக்கையில் இருந்தால் எறும்பின் காவலையும் மீறி ஜெயிக்கும். அந்த எதிரி நம் தோட்டத்தில் உயிரோடு இருக்க நாம் விட வேண்டும். கண்டபடி மருந்து அடிக்கும்போது முதலில் சாவது அதுதான்.

முசுறு: தோப்பின் பழைய காவல்காரன்

இனி மறுபக்கம். சங்கப் பாடல்களில் முயிறு என்று வரும் முசுறு தரையில் புற்று வைப்பதில்லை, மரத்திலேயே வாழ்கிறது. வேலைக்கார எறும்புகள் வரிசையாக நின்று ஒன்றின் இடுப்பை ஒன்று கவ்விச் சங்கிலி போலத் தொங்கி, இரண்டு இலைகளின் ஓரங்களை இழுத்துச் சேர்க்கும். அப்புறம் இன்னும் சில எறும்புகள் கூட்டின் புழுக்களை வாயில் பிடித்துக்கொண்டு வந்து, அந்தப் புழு விடும் பட்டு நூலால் ஓரங்களைத் தைக்கும், நாம் பசைக் குழாயை அழுத்திக்கொண்டே நகர்த்துவதுபோல. ஒரே ராணிக்குப் பிறந்த கூட்டம் பக்கத்துப் பக்கத்து மரங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட கூடுகளை வைத்திருக்கும், அதில் சில லட்சம் எறும்புகள்கூட இருக்கலாம்.

இத்தனை பெரிய கூட்டத்தின் புழுக்களுக்குப் புரதம் வேண்டும் இல்லையா? அதனால் பகல் முழுக்க இலை இலையாகத் தேடி வேட்டையாடும். புழு, வண்டு, நாவாய்ப்பூச்சி எது அகப்பட்டாலும் நாலு பக்கமும் இழுத்துப் பிடித்துக் கொன்று தூக்கிப்போகும்.

இதை மனிதர்கள் மிகச் சீக்கிரமே கவனித்துவிட்டார்கள். பயிர்ப் பூச்சிக்கு எதிராக இன்னொரு உயிரைப் பயன்படுத்தியதற்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்றே இந்த எறும்பைப் பற்றியதுதான். கி.பி. 304-ல் ஜி ஹான் என்ற சீன அறிஞர், இன்றைய வடக்கு வியட்நாம் பகுதியில் கூட்டோடு எறும்பைப் பாயில் செய்த பைகளில் வைத்துச் சந்தையில் விற்கிறார்கள் என்றும், அந்த எறும்பு இல்லாத ஆரஞ்சு மரத்தில் ஒரு பழம்கூடப் பழுதில்லாமல் தேறாது என்றும் எழுதிவைத்திருக்கிறார். பிற்காலத்தில் எறும்பு போய்வர மரத்துக்கு மரம் மூங்கில் கழியால் பாலம் கட்டினார்கள்.

இன்றைய ஆராய்ச்சியும் இதை உறுதிப்படுத்துகிறது. ஆஸ்திரேலியாவின் வடக்குப் பகுதியில் ரெங்காங் பெங், கீத் கிறிஸ்டியன் இருவரும் முந்திரியிலும் மாவிலும் வருடக்கணக்கில் வேலை செய்து, முசுறு நன்றாக வாழும் மரங்களில் முக்கியமான பூச்சிகளின் சேதம் குறைகிறது என்று காட்டினார்கள். முந்திரித் துளிரைக் கருகவைக்கும் தேயிலைக் கொசு என்ற நாவாய்ப்பூச்சி அதில் ஒன்று, பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டு மாந்தோப்புகளில் நடந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின: பழ ஈயை முசுறு பிடித்துத் தின்பதைவிட, எறும்பு நடமாடிய வாசனை பட்ட பழத்தில் பழ ஈ முட்டை வைக்கவே தயங்குகிறது. மாம்பழத்தை அறுத்தால் உள்ளே வெள்ளைப் புழு நெளிகிறதே, அது இந்தப் பழ ஈயின் வேலைதான். காய் முற்றிப் பழுக்க ஆரம்பிக்கும்போது ஈ முட்டையைத் தோலுக்குள் செருகிவிடும், அதன்பிறகு எந்த மருந்தும் புழுவைத் தொடுவது கஷ்டம். அதனால் முட்டை வைக்கும் முன்பே ஈயை விரட்டும் காவல் ரொம்பப் பெரிய விஷயம்.

முசுறுக்கும் இனிப்பு வேண்டும் என்பதை மறைக்க முடியாது. அதுவும் செதில்பூச்சியையும் மாவுப்பூச்சியையும் வளர்க்கும், அவற்றுக்கென்று தனியாக இலைக்கூடுகூட கட்டும். இரண்டு கூட்டங்கள் ஒரே மரத்தில் மோதினால் சண்டையில் பீய்ச்சும் அமிலம் காயின் தோலில் கரும்புள்ளியாக விழும். அதனால்தான் ஆஸ்திரேலிய முறையில் ஒரு தொகுதி மரங்களுக்கு ஒரே கூட்டம் என்று பிரித்து, எல்லைக் கிளைகளைக் கவாத்து செய்து, அதாவது வெட்டிவிட்டு வைக்கிறார்கள். தேன்கழிவுப் பூச்சி கூடினால் மருந்துக் கடையின் கடுமையான மருந்துக்குப் போகாமல், சோப்புக் கரைசல் போன்ற மிதமானதை அந்தக் கிளைக்கு மட்டும் அடிக்கிறார்கள்.

2022-ல் 17 பயிர்களில் நடந்த 52 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வும் இந்த இரண்டு முகத்தையும் காட்டியது. எறும்பு இருந்தால் மற்றப் பூச்சிகள் குறைகின்றன, தேன்கழிவுப் பூச்சிகள் கூடுகின்றன. நிழலும் பலவகைச் செடிகளும் உள்ள தோட்டத்தில் எறும்பால் கிடைக்கும் நன்மை அதிகம் என்பதும் அதில் தெரிந்தது.

எந்த எறும்பு என்று எப்படிப் பிரிப்பது?

சென்னையிலும் திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்டத் தோப்புகளிலும் கண்ணில் படுகிறவற்றை வைத்து ஒரு தோராயமான அடையாளம் சொல்கிறேன்.

இலையைத் தைத்த பச்சைக் கூடு, செம்பழுப்பு உடல், நீண்ட கால், கிளையை ஆட்டினால் தலையைத் தூக்கி முறைப்பது: முசுறு. கடித்த இடத்தில் அமிலத்தைப் பீய்ச்சும், அதனால்தான் அந்த எரிச்சல். மரத்தில் முசுறு மட்டும் இருந்து இலையில் கறுப்பு இல்லையென்றால் அதை விட்டுவிடுவதே நல்லது.

கடிக்காமல் ஓடும் சிறிய கறுப்பு எறும்பு, நாம் பிள்ளையார் எறும்பு என்று சொல்லி விட்டுவிடுகிறோமே, அது சமையலறையில் சாதுவாக இருந்தாலும் மாடித்தோட்டத்தில் மாவுப்பூச்சிக்குப் பக்கத்தில் அடிக்கடி தென்படும். பெரிய கட்டெறும்பும் இனிப்புக்கு ஏறும், ஆனால் கொஞ்சம் பூச்சியும் பிடிக்கும்.

தரையில் பொடி மண் குவித்து, காலை வைத்தால் சுள்ளென்று கொட்டும் செந்நிற எறும்பு நெருப்பெறும்பு. தோப்பில் களையெடுக்க உட்காருகிறவர்களுக்கு இதனால் பெரிய தொல்லை. சொட்டுநீர்க் குழாயைக் கடித்து ஓட்டை போடுவதும் இதன் வழக்கம்.

கடைசியாக மஞ்சள் பைத்தியக்கார எறும்பு. மெலிந்த மஞ்சள் உடல், மிக நீண்ட கால்களும் உணர்கொம்புகளும், நேர்க்கோட்டில் போகாமல் அங்குமிங்கும் வெறிபிடித்தாற்போல ஓடுவது. இது கடிப்பதுமில்லை கொட்டுவதுமில்லை, ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இருக்கிறது. நத்தத்தில் தொல்லை கொடுத்தது இதுதான்.

கிறிஸ்துமஸ் தீவில் நடந்தது

இந்த மஞ்சள் எறும்பு ஏன் அவ்வளவு பெருகுகிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்தியப் பெருங்கடலில் உள்ள கிறிஸ்துமஸ் தீவைப் பார்க்க வேண்டும். அங்கே கோடிக்கணக்கான செந்நண்டுகளை இந்த எறும்பு கொன்றது. ஒரு கூட்டத்தில் பல ராணிகள், பக்கத்துக் கூட்டத்தோடு சண்டையும் கிடையாது, அதனால் காட்டையே போர்த்தினாற்போலப் பரவியது. ஹெலிகாப்டரில் பறந்து விஷத் தீனி தூவினார்கள். எறும்பு குறையும், திரும்ப வரும்.

பிறகுதான் ஆராய்ச்சியாளர்கள் எறும்பின் சாப்பாட்டைப் பார்த்தார்கள். வெளியிலிருந்து வந்த ஒரு அரக்குச் செதில்பூச்சி மரங்களில் ஒட்டிக்கொண்டு ஓயாமல் தேன்கழிவு கொடுத்துக்கொண்டிருந்தது, அந்தச் சர்க்கரைதான் அத்தனை எறும்புக்கும் தீனி. அதனால் எறும்பை விட்டுவிட்டுச் செதில்பூச்சியைத் தாக்கும் மிகச்சிறிய குளவியை மலேசியாவிலிருந்து கொண்டுவந்து 2016 டிசம்பரில் விட ஆரம்பித்தார்கள்.

நம் வீட்டுக் கொய்யா மரத்துக்கும் இதே கணக்குதான். மேலே இனிப்பு சொட்டும்வரை கீழே எத்தனை எறும்பைக் கொன்றாலும் புது எறும்பு வந்துகொண்டே இருக்கும்.

பூவும் மண்ணும்

மாம்பூவில் மகரந்தச் சேர்க்கையைப் பெரும்பாலும் ஈக்களும் தேனீக்களும் செய்கின்றன. எறும்பும் பூவில் நடமாடும், ஆனால் இறக்கை இல்லாததால் மரம் விட்டு மரம் மகரந்தம் கொண்டுபோவது குறைவு. பல எறும்பினங்களின் உடம்பில் ஊறும் கிருமிநாசினிச் சுரப்பு மகரந்தத்தின் உயிர்ப்பையும் குறைத்துவிடுகிறது. பூங்கொத்தில் எறும்பு மொய்ப்பதை வைத்துக் காய் நிறையப் பிடிக்கும் என்று கணக்குப் போட வேண்டாம்.

மண்ணில் எறும்பு செய்வது நல்ல வேலை. அது தோண்டும் துளைகள் வழியாகக் காற்றும் மழைத் தண்ணீரும் உள்ளே இறங்கும். ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தில் கோதுமை வயலில் நடந்த ஒரு ஆய்வில், எறும்பும் கறையானும் இருந்த இடத்தில் விளைச்சல் 36 சதவீதம் அதிகமாக இருந்தது (2011). அது கோதுமை, நம் மாந்தோப்பு இல்லை, என்றாலும் தோப்புத் தரையில் எறும்புப் புற்றைக் கண்டதும் மருந்தை ஊற்றுவதற்கு முன் யோசிக்க இது போதும்.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் எறும்புப் பொடியையும் எறும்புச் சாக்பீஸையும் ஒதுக்கிவையுங்கள். அவை வெளியே நடமாடும் வேலைக்கார எறும்பைத்தான் கொல்லும். ராணி உள்ளே பத்திரமாக முட்டையிட்டுக்கொண்டிருக்கும். மரத்தில் தூவிய பொடி பொறிவண்டையும் குளவியையும் சேர்த்துக் கொல்லும், பிறகு மாவுப்பூச்சிக்குக் கொண்டாட்டம்.

1. எங்கே போகிறது என்று பாருங்கள். வரிசையைப் பின்தொடர்ந்து முடியும் கிளையைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு துளிர்களில்தான் பூச்சி இருக்கும், அதை வெட்டி எடுத்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது. வெட்டியதைக் கீழே போடாமல் சோப்புத் தண்ணீரில் அமுக்குங்கள்.

2. மிஞ்சும் பூச்சியைக் குறையுங்கள். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே நிறைய விழுந்துவிடும். அப்புறம் வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்பும் கலந்து மாலையில் இலையின் அடிப்புறம் நனைய அடியுங்கள். இலையில் ஏற்கனவே படிந்த கரும்பூசணத்துக்கு மைதாக் கஞ்சி நல்ல வழி: ஒரு கிலோ மைதாவை 5 லிட்டர் தண்ணீரில் காய்ச்சி, 20 லிட்டராகக் கரைத்து வெயில் நாளில் அடித்தால் காய்ந்து தோலாக உரியும், கறுப்பும் அதோடு உதிரும்.

3. வழியை அடையுங்கள். இனிப்புப் பலகாரத்தை எறும்பிடமிருந்து காக்க நம் வீடுகளில் டப்பாவைத் தண்ணீர்த் தட்டின் நடுவே வைப்போமே, அதே யோசனைதான். மரமென்றால் அடிமரத்தில் ஒரு சாண் அகலத்துக்குப் பாலிதீனையோ அகலமான டேப்பையோ இடைவெளி இல்லாமல் இறுக்கிச் சுற்றி, அதன்மேல் கிரீஸ் தடவுங்கள். பட்டையின்மேல் நேரடியாகத் தடவக் கூடாது, வெயிலில் பட்டை வெந்துவிடும். சென்னைப் புழுதியில் கிரீஸ் சீக்கிரம் மண் மூடிப்போகும், வாரம் ஒருமுறை பார்த்துப் புதிதாகத் தடவ வேண்டும். தொட்டிச் செடியென்றால் ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைக்கலாம், ஆனால் கொசு முட்டை வைக்கும் என்பதால் சோப்புத் தண்ணீராக வைத்து மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

இந்த அடைப்பு பலிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான், வேறு வழி திறந்திருக்கும். காம்பவுண்டுச் சுவரைத் தொடும் கிளை, மொட்டை மாடியில் உரசும் கொப்பு, மரத்தின் ஊடே போகும் கேபிள் ஒயர், துணி காயப்போடும் கொடி, எல்லாமே எறும்புக்குப் பாலம். இரண்டு கிரவுண்டு வீட்டில் இப்படி ஏழெட்டுப் பாலம் இருக்கும். அதையெல்லாம் கவாத்து செய்தும் அவிழ்த்தும் விட்ட பிறகுதான் அடிமரத்தில் சுற்றிய டேப்புக்குப் பலன்.

4. அப்படியும் அடங்காவிட்டால் தீனி வையுங்கள். கேரம் போர்டில் தூவும் போரிக் பவுடர் பத்து கிராமை, கால் கிலோ சர்க்கரை கரைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து, பஞ்சில் நனைத்துச் சிறிய மூடிகளில் எறும்புப் பாதையில் வையுங்கள். இதைவிடக் கெட்டியாகக் கலந்தால் எறும்பு வழியிலேயே செத்துவிடும், கூட்டுக்குக் கொண்டுபோய் ராணிக்கு ஊட்டாது. இரண்டு மூன்று வாரம் பொறுமை வேண்டும். குழந்தைகள், நாய், பூனைக்கு எட்டாமல் வையுங்கள். மீதியைச் செடித் தொட்டியில் ஊற்றாதீர்கள், போரான் அதிகமானால் செடி கருகும்.

வழி அடைபட்டுப் பத்துப் பதினைந்து நாளானதும் அதே கிளையைத் திரும்பப் பாருங்கள். மாவுப்பூச்சிகளுக்கு நடுவே அவற்றைவிடப் பெரிய, நூல் நூலாக வெள்ளை மெழுகு தொங்கும் ஒரு புழு வேகமாக நகர்ந்தால் அதை நசுக்கிவிடாதீர்கள். அது கிரிப்டோலீமஸ் என்ற ஆஸ்திரேலியப் பொறிவண்டின் புழு, 1898-லேயே இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. மாவுப்பூச்சி மாதிரியே வேடம் போட்டுக்கொண்டு மாவுப்பூச்சியைத்தான் தின்கிறது. தோப்பு வைத்திருப்பவர்கள் மரத்துக்கு 10 வண்டு என்ற கணக்கில் வாங்கி விடலாம். திரூர், காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையங்களில் எங்கே கிடைக்கும் என்று விசாரியுங்கள். எறும்பை அடைத்துவிட்டு வண்டை விட வேண்டும், முறை மாறினால் காசு வீண்.

காய் பறிப்பவரின் கை

முசுறை வைத்துக்கொள்ளலாம் என்று எழுதும்போது ஒருவரை மறந்துவிடக் கூடாது. தோப்பின் சொந்தக்காரர் கீழே நிற்பார், மரத்தில் ஏறுகிறவர் கூலிக்கு வந்தவர். கழுத்திலும் கண் இமையிலும் நூறு எறும்பு கடிக்கும்போது இது இயற்கைக் காவல் என்று அவரிடம் சொல்ல முடியாது. அறுவடைக்கு முன்னால் கூட்டைத் தீப்பந்தத்தால் கொளுத்துவது இதனால்தான் நடக்கிறது, அதில் அவர் தப்பு ஒன்றுமில்லை.

இதற்கும் வழிகள் இருக்கின்றன. முசுறு வாழும் ஆப்பிரிக்க, ஆசியத் தோப்புகளில் பறிப்பவர்கள் கையிலும் காலிலும் சாம்பல் பூசிக்கொள்கிறார்கள், எறும்பால் பிடித்து ஏற முடியாது. ஏறும் முன் கிளைகளில் தண்ணீர் அடித்தால் மழை என்று நினைத்து நிறைய எறும்பு கூட்டுக்குள் போய்விடும். எட்டுகிற காயை வலை கட்டிய துறட்டியால் கீழே நின்றே பறிக்கலாம். ஒவ்வொரு வருடமும் மரத்தைக் கவாத்து செய்து உயரத்தைக் குறைத்து வைத்தால் ஏற வேண்டிய தேவையே பாதி குறையும். முசுறு காக்கும் மரங்களில் மருந்துச் செலவு மிச்சமாகிறது. முழுக்கைச் சட்டையும், சாம்பலும், துறட்டியும், கூடுதல் கூலியும் அந்த மிச்சத்திலிருந்தே கொடுத்துவிடலாம்.